ஒரே சுவிட்சுக்குள் நாலு தெரு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. சினிமா, ஊர்சுற்றல் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் அடுத்த பதிவு வரை பொறுத்துக்கொள்ளவும் :-) கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரிதான் எழுதப் பார்த்திருக்கிறேன். புரியாத இடத்தைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

புதுக்கோட்டை டவுனுக்குள் யாரிடமாவது வழி கேட்டிருக்கிறீர்களா? "தெற்கு நாலாம் வீதியா? ராஜ வீதியிலேர்ந்து தெற்கால எண்ணிக்கிட்டே போங்க தம்பி, ரெண்டு, மூணு, நாலு..." இப்படித்தான் பதில் வரும். கீழ ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, மேல ரெண்டாம் வீதி என்று எல்லாமே திசையும் நம்பரும்தான். கோடு போட்ட நோட்டு மாதிரி நேர்நேரான தெருக்கள். இது தானாக அமைந்ததில்லை. 1812-ல் ஊரில் பெரிய தீ விபத்து. அதற்குப் பிறகு, விஜய ரகுநாத ராய தொண்டைமான் காலத்தில், ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த மேஜர் பிளாக்பர்னின் யோசனையோடு செங்கல், ஓட்டுக் கட்டடங்களும் அகலமான நேர்த்தெருக்களுமாக ஊரைத் திரும்பக் கட்டினார்கள்.

அகலத் தெருவுக்கு அழகு, காற்றோட்டம், வண்டிப் போக்குவரத்து என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் தீயைப் பொறுத்தவரை அதற்கு ஒரு வேலை உண்டு. தெரு தீயை அணைக்காது. ஒரு பக்கம் பிடித்தது எதிர்ப்பக்கம் தாவாமல் பார்த்துக்கொள்ளும். கூரையோடு கூரை ஒட்டி நிற்கிற ஊரில் ஒரு அடுப்புப் பொறி போதும், மொத்தமும் போய்விடும்.

இப்போது நம் கல்லூரிகள், ஆபீஸ்கள், ஆஸ்பத்திரிகளில் ஓடும் நெட்வொர்க்கைப் பாருங்கள். பாதிக்குப் பாதி கூரையோடு கூரை ஒட்டி நிற்கிற ஊர்தான். நடுவில் தெரு போடுகிற வித்தைக்குப் பெயர்தான் வி-லேன். விர்ச்சுவல் லேன்.

லேன் என்றால் என்ன என்று ஒரு வரி. ஒரே சுவிட்ச்சில் (அந்த வரிசையாக ஓட்டை வைத்த பெட்டி) சொருகியிருக்கும் மெஷின்கள் எல்லாம் ஒரு லேன். இவை ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கும்? தண்டோரா போட்டுத்தான். "192.168.10.5 யாருப்பா? உன் வன்பொருள் முகவரியைச் சொல்லு" என்று ஒரு மெஷின் கத்தும். அது லேனில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும். சம்பந்தப்பட்ட ஆள் மட்டும் பதில் சொல்லும். இதற்கு ஏஆர்பி என்று பெயர். அதே மாதிரி, மெஷினை ஆன் செய்தவுடன் "எனக்கு ஒரு ஐபி முகவரி யாராவது கொடுங்கப்பா" என்று கத்துவது டிஹெச்சிபி. இதில் ஒரு வேடிக்கை. பதில் சொல்கிறவர் யார், அவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்றெல்லாம் மெஷின் கேட்காது. பெரும்பாலும் முதலில் பதில் சொன்னவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு போய்விடும்.

இந்த வேடிக்கை விபரீதமானதை நான் நேரிலேயே பார்த்தேன். எங்கள் மாவட்டத்தில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் லேபில் மாடல் பிராக்டிகல் தேர்வு. கேள்வி வருவதும் விடையை அனுப்புவதும் அங்கேயே இருக்கும் ஒரு சர்வரில்தான், இன்டர்நெட்டே தேவையில்லை. ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு பையன் மெஷின் ஹேங்க் ஆகிவிட்டது என்று ரீஸ்டார்ட் செய்தான். திரும்ப வந்ததும் சர்வரே தெரியவில்லை. பக்கத்து மெஷினிலும் அதே கதை. கொஞ்ச நேரத்தில் ஒரு வரிசை முழுக்க கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

லேப் அசிஸ்டென்ட் அண்ணன் கெட்டிக்காரர். கருப்புத் திரையைத் திறந்து முகவரியைப் பார்த்தார். 192.168.10 என்று ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் 192.168.0 என்று இருந்தது. "எவனோ ரூட்டர் சொருகியிருக்கான்டா" என்றவர் மாடிப்படியில் ஓடினார். விஷயம் இதுதான். ஸ்டாஃப் ரூமில் மொபைலுக்கு சிக்னல் கிடைக்கவில்லை என்று யாரோ வீட்டிலிருந்து ஒரு பழைய வைஃபை ரூட்டரைக் கொண்டுவந்து சுவரில் இருந்த பாயின்ட்டில் மாட்டியிருக்கிறார். மாட்டியதும் தப்பான ஓட்டையில். அந்தக் குட்டிப் பெட்டி, முகவரி கேட்ட மெஷினுக்கெல்லாம் தன் இஷ்டத்துக்கு முகவரி வழங்க ஆரம்பித்துவிட்டது.

அந்த ரூட்டரைத் தேடிப் பிடித்துக் கழற்றி, மெஷின்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடிக்க ஐம்பது நிமிஷம். தேர்வு நேரத்தை நீட்டித்தார்கள், அது நல்லது. ஆனால் கறம்பக்குடி, அறந்தாங்கி பக்கம் போகிறவர்கள் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு இருட்டின பிறகுதான் வீடு போய்ச் சேர்ந்தார்கள். மாடல் தேர்வுதானே என்று எல்லாரும் மறந்துவிட்டோம். யூனிவர்சிட்டி தேர்வாக இருந்திருந்தால்?

எல்லாரும் ரூட்டர் கொண்டுவந்தவரைத்தான் திட்டினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மாடி ஸ்டாஃப் ரூமில் ஒருவர் ஒரு பெட்டியை மாட்டினால் கீழே லேபில் அறுபது பேர் தேர்வு நிற்கிறது என்றால், தப்பு அந்தப் பெட்டியிலா? இரண்டு இடத்தையும் ஒரே கூரையாகப் போட்ட நெட்வொர்க்கிலா?

இன்னொன்றும் அன்றைக்குக் கவனித்தேன். லேப் மெஷினில் 'நெட்வொர்க்' என்பதைக் கிளிக் செய்தால் கல்லூரி முழுக்கத் தெரிகிறது. ஃபீஸ் கட்டுகிற கவுன்ட்டரின் மெஷின், ஆபீஸ் பிரின்டர், யாரோ ஒருவரின் ஷேர் செய்த ஃபோல்டர்... மாணவர்கள் பென் டிரைவ் சொருகுகிற லேபும், அத்தனை பேரின் மார்க்கும் ஃபீஸ் கணக்கும் இருக்கிற ஆபீசும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன.

"ஷேர் ஃபோல்டரைத் திறக்க பாஸ்வேர்டு இருக்கே" என்பீர்கள். 2017 மே 12-ம் தேதியை ஞாபகப்படுத்துகிறேன். வான்னாக்ரை. விண்டோஸின் ஃபைல் ஷேரிங்கில் இருந்த ஒரு ஓட்டை வழியாகப் பரவிய ரான்சம்வேர். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் போடாத மெஷின் ஒன்று லேனில் இருந்தால் போதும், பாஸ்வேர்டும் வேண்டாம், யாரும் எதையும் கிளிக் செய்யவும் வேண்டாம், தானே அடுத்த மெஷினுக்குத் தாவும். சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையில் பல ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. கூரைத் தீ என்று நான் சொன்னது இதைத்தான்.

சரி, தெரு போடுவது எப்படி?

பழைய காலத்து வழி, லேபுக்கு ஒரு சுவிட்ச், ஆபீசுக்கு ஒரு சுவிட்ச், தனித்தனி ஒயர் என்று எல்லாவற்றையும் இரண்டாக வாங்குவது. காசும் ஆகும், ஆபீஸ்காரர் ஒருவர் லேப் பக்கத்து அறைக்கு மாறினால் புதிதாக ஒயர் இழுக்கவும் வேண்டும். வி-லேன் இதை மென்பொருளில் செய்கிறது. ஒரே 24 போர்ட் சுவிட்ச். "1 முதல் 12 வரை வி-லேன் 10, 13 முதல் 20 வரை வி-லேன் 20" என்று கட்டளை கொடுத்துவிட்டால் போதும். ஒரே பெட்டிதான், ஆனால் உள்ளே இரண்டு ஊர். 10-ல் போட்ட தண்டோரா 20-ல் இருப்பவர் காதில் விழவே விழாது. ஸ்டாஃப் ரூம் வேறு வி-லேனில் இருந்திருந்தால், அந்தக் குட்டி ரூட்டர் ஸ்டாஃப் ரூமோடு சண்டை போட்டுக்கொண்டு கிடந்திருக்கும். கீழே தேர்வு நடந்துகொண்டே இருந்திருக்கும்.

மாடியில் ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச் என்று இருந்தால்? இரண்டுக்கும் நடுவே ஒரே ஒயர்தான் போகும், அதற்கு ட்ரங்க் என்று பெயர். அதில் எல்லா வி-லேன் சரக்கும் கலந்து போகும். கலந்தது குழம்பிவிடாமல் இருக்க, ஒவ்வொரு பொட்டலத்திலும் 4 பைட் அளவில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அந்தச் சீட்டில் 12 பிட் வி-லேன் நம்பருக்கு. 12 பிட் என்றால் 4096 எண்கள். முதலும் கடைசியும் வேறு வேலைக்கு ஒதுக்கிவிட்டதால் மிச்சம் 4094 தெரு போடலாம். மறுமுனை சுவிட்ச் சீட்டைப் பார்த்து, உரிய போர்ட்டுக்கு அனுப்பும்போது சீட்டைக் கிழித்துவிடும். உங்கள் மெஷினுக்கு இப்படி ஒரு சீட்டு இருந்ததே தெரியாது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் 802.1க்யூ என்று பெயர், ஐ-ட்ரிபிள்-ஈ 1998-ல் வெளியிட்ட தரம். வி-லேன் யோசனைக்கு மூலவராகச் சொல்லப்படுபவர் டேவிட் சின்கோஸ்கி. 1980-களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் ஈதர்நெட்டை எப்படிப் பெரிதாக வளர்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர். செமஸ்டர் தேர்வில் இரண்டு மார்க்குக்கு வரலாம், குறித்துக்கொள்ளுங்கள் :-)

இரண்டு வி-லேன்கள் பேசிக்கொள்ள வேண்டும் என்றால் நடுவில் ஒரு ரூட்டரோ, லேயர் 3 சுவிட்ச்சோ, ஃபயர்வாலோ வேண்டும். என்னைக் கேட்டால் வி-லேனின் உயிரே இங்கேதான் இருக்கிறது. எல்லாப் பேச்சும் ஒரே வாசல் வழியாகப் போவதால், அந்த வாசலில் காவல் போடலாம். "லேபிலிருந்து தேர்வு சர்வருக்குப் போகலாம், ஆபீஸ் பக்கம் போகக்கூடாது. ஆபீசிலிருந்து பிரின்டருக்குப் போகலாம், கேமராவுக்குப் போகக்கூடாது" என்று எழுதிவைக்கலாம்.

இதெல்லாம் லேப் விவகாரம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு நீளப் பதிவு என்று நினைப்பவர்களுக்காக, இந்தியாவில் நடந்த இரண்டு சம்பவங்கள்.

முதலாவது டில்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23 காலை. ஆஸ்பத்திரியின் சர்வர்கள் முடங்கின. புற நோயாளிப் பதிவு, அட்மிஷன், லேப் ரிப்போர்ட், பில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்த இ-ஹாஸ்பிடல் அப்ளிகேஷன் போய்விட்டது. நாட்டின் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் ஒன்று, பேப்பரும் பேனாவுமாக வேலை பார்த்தது. பெரும்பாலான சேவைகள் திரும்ப வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது. பிறகு மாநிலங்களவையில் மத்திய அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் எழுத்துமூலம் கொடுத்த பதிலில் விவரம் இருந்தது. 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டிருந்தது. காரணமாக அவர் சொன்னதில்தான் நான் அப்படியே நின்றுவிட்டேன். நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததால் சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளாயின என்று. நாங்கள் பாடப்புத்தகத்தில் அஞ்சு மார்க் கேள்வியாகப் படிக்கிற அதே விஷயம், நாடாளுமன்றப் பதிலில்.

தகவல் எப்படித் திரும்பக் கிடைத்தது தெரியுமா? பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது. அதிலிருந்து எடுத்துப் புதிய சர்வர்களில் போட்டார்கள் என்று மக்களவையில் சொன்னார்கள். தீ எட்டாத ஓர் இடம் இருந்ததால் பிழைத்தது.

அந்த இரண்டு வாரத்தை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. என் அப்பத்தாவுக்குச் சர்க்கரை. மாதாமாதம் கூட்டிக்கொண்டு போவது நான்தான். ஒரு தடவை கவுன்ட்டரில் "சர்வர் டவுனும்மா, கொஞ்சம் ஒக்காருங்க" என்றார்கள். அரை மணி நேரம்தான். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்த அப்பத்தா, "ஏன் அப்பு, சர்வருங்கிறவரு இன்னும் வரலையா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. புதுக்கோட்டையிலும் 2017-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சீட்டு போடுவது முதல் ஸ்கேன் படம் வரை எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் கம்ப்யூட்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே பதிவு கவுன்ட்டர், ஸ்கேன் மெஷின், வரவேற்பறை வைஃபை எல்லாம் தனித்தனித் தெருவில் இருக்க வேண்டும் என்பது இனிமேல் கம்ப்யூட்டர்காரன் கவலை மட்டும் இல்லை.

இரண்டாவது சம்பவம் நம் தமிழ்நாட்டில், கூடங்குளத்தில். 2019 அக்டோபர் கடைசியில் அணுமின் நிலையத்தின் நெட்வொர்க்கில் வைரஸ் புகுந்துவிட்டது என்று செய்தி பரவியது. 29-ம் தேதி நிலையத் தரப்பு மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ம் தேதியே சர்ட்-இன் அமைப்பு தகவல் சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைகளுக்கான, இன்டர்நெட்டோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு மெஷின். அது முக்கியமான உள் நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்டது என்று அறிக்கை. டிட்ராக் என்ற மால்வேர் அது என்று வல்லுநர்கள் சொன்னார்கள்.

முதல் நாள் மறுத்ததைப் பற்றித் தனிப் பதிவே போடலாம், இப்போது வேண்டாம். எனக்கு இங்கே முக்கியம், வைரஸ் உள்ளே வந்தபிறகும் அவர்களால் "அது அந்தத் தெருவோடு நின்றது" என்று சொல்ல ஒரு பிரிப்பு இருந்தது. எய்ம்ஸில் அது இல்லை. உள்ளே வருவதை எவராலும் நூறு சதவீதம் தடுக்க முடியாது. வந்தது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது நம் கையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அணு உலைக் கட்டுப்பாட்டையும் ஆபீஸ் மெயிலையும் ஒரே சுவிட்ச்சில் இரண்டு வி-லேனாகப் போட்டால் போதும் என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒயரே தொடாத தனி நெட்வொர்க்தான் சரி. வி-லேன் என்பது செங்கல் சுவர் கிடையாது, சுவிட்ச் கட்டுப்படுகிற ஒரு ஒப்பந்தம். ஒப்பந்தத்தைத் தப்பாக எழுதினால் ஓட்டை விழும். உதாரணமாக, ட்ரங்க்கில் சீட்டு ஒட்டாமல் போகிற சரக்குக்கென்று 'நேட்டிவ் வி-லேன்' ஒன்று உண்டு. அதைச் சாதாரண மெஷின்களுக்கும் கொடுத்துவைத்தால், ஒரு விஷமி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சீட்டு ஒட்டி அனுப்புவான். முதல் சுவிட்ச் மேல் சீட்டைக் கிழிக்கும், அடுத்த சுவிட்ச் உள்ளே இருக்கும் சீட்டைப் பார்த்து வேறு தெருவுக்குள் விட்டுவிடும். மெஷின் எதையும் நேட்டிவ் வி-லேனில் வைக்காமல், அதற்கென்று யாரும் பயன்படுத்தாத ஒரு நம்பரை ஒதுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இதைவிடச் சாதாரணமான, இதைவிட மோசமான ஓட்டை ஒன்று இருக்கிறது. வி-லேன் எல்லாம் அழகாகப் பிரித்துவிட்டு, நடு ரூட்டரில் "எல்லாரும் எல்லா இடத்துக்கும் போகலாம்" என்று விட்டுவிடுவது. தண்டோரா சத்தம் குறையும், நெட்வொர்க் வேகமாகக்கூடத் தெரியும். ஆனால் வான்னாக்ரை மாதிரி ஒன்று வந்தால் அந்த வாசல் வழியாகவே ஜம்மென்று நடந்து போகும். தெருமுனையில் கேட் போட்டுவிட்டு ராத்திரியும் திறந்தே வைத்த கதை.

அந்த மாடல் தேர்வு நடந்த கல்லூரி விஷயத்துக்கு ஒரு பின்குறிப்பு. லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் பிறகு பேசிக்கொண்டிருந்தபோது ரேக்கைக் காட்டினார். அங்கே இருந்தவை விலை குறைந்த டப்பா சுவிட்ச் இல்லை. வி-லேன் போடக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச்சேதான். வாங்கின நாளிலிருந்து எல்லா போர்ட்டும் பெட்டியிலிருந்து வந்தபடியே வி-லேன் 1-ல் கிடக்கின்றன. "எனக்குப் போடத் தெரியும் தம்பி. எந்த ரூம் எதோட பேசணும்னு யாரும் எழுதிக் குடுக்கல. நானா பிரிச்சு, நாளைக்கு பிரின்சிபால் ரூம்ல பிரின்ட் வரலன்னா என் தலைதான் உருளும்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். கட்டளைகள் நாலைந்து வரிதான். பாக்கெட் ட்ரேசரில் இரண்டாம் வருஷப் பையன் அரை மணி நேரத்தில் போட்டுவிடுவான். கஷ்டமான வேலை அதற்கு முன்னாடி இருக்கிறது. ஆபீஸ், லேப், ஸ்டாஃப், ஹாஸ்டல் வைஃபை, கேமரா என்று ஒரு தாளில் கட்டம் போட்டு, யார் யாரோடு பேசியே ஆக வேண்டும் என்று எல்லாத் துறையையும் உட்காரவைத்து முடிவு செய்ய வேண்டும். அதில் ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து லேப் அசிஸ்டென்ட் போடுவது இல்லை, மேலே இருப்பவர் போட வேண்டியது.

கேமராவைத் தனியாகச் சொன்னதற்கும் காரணம் உண்டு. 2016-ல் மிராய் என்ற மால்வேர், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் வீட்டு ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து ஒரு படையாக்கியது. அந்த வருஷம் அக்டோபர் 21-ம் தேதி அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்கள் தடுமாறியது அந்தப் படையால்தான். நம் கல்லூரி கேமராவின் பாஸ்வேர்டு என்ன என்று நான் எழுதப் போவதில்லை, நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள் :-(

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு பிராஜெக்டுக்கு எங்கிருந்தோ வாங்கின சோர்ஸ் கோடில் பெயரை மாற்றிக் கொடுப்பதற்குப் பதிலாக, சொந்தக் கல்லூரியின் நெட்வொர்க்குக்கு இந்தக் கட்டத்தைப் போட்டுப் பாருங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு, அசிஸ்டென்ட் அண்ணன்களைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். எந்தப் போர்ட் எந்த வி-லேன் என்று அச்சடித்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், நாம் போன பிறகு வருகிறவருக்கு உதவும். நானும் இரண்டு பேரும் சேர்ந்து முதல் வரைபடம் போட்டுவிட்டோம். துறைத்தலைவர் மேசையில் இருக்கிறது. ஹாஸ்டலுக்கு எத்தனை வி-லேன் வேண்டும் என்று எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை தீரவில்லை. ஒன்று போதும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பின்னூட்டத்தில் வரவும்.

அடுத்த பதிவில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங். அதாவது ஒரே தெருவுக்குள்ளேயே இப்படி ஒரு திருட்டு ரூட்டர் வந்தால் என்ன செய்வது என்று.